தூண்டிலுக்கு நான்கு மாத விடுப்பு

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றில் அக்டோபர் 31-ஆம் நாள் மாலையோடு தூண்டில்கள் சுருட்டி வைக்கப்படுகின்றன. நவம்பர் முதல் நாள் தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரை அம்மாநிலத்தின் டிரவுட் மீன் ஆறுகள் எதிலும் மீன் பிடிக்கக் கூடாது என்பது அரசின் விதி. முன்குளிர்காலத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு அப்பக்கம் போகலாமா என்று என்னிடம் கேட்கும் வாடிக்கையாளர்கள் இந்த விதியைச் சொன்னதும் சற்று முகம் வாடுவர். மீன் பிடிக்க முடியாத காலத்தில் மீனுக்குப் பேர்போன ஆற்றங்கரையில் என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. அம்மாவட்டத்தில் இரண்டு குளிர்காலங்கள் பணியாற்றியவன் என்ற முறையில் என் விடை இது: அந்த ஆற்றின் ஆண்டு முழுவதற்குமான முக்கியமான அலுவல் அந்த நான்கு மாதங்களில்தான் நடைபெறுகிறது, கரையில் வாழும் மக்களின் ஆண்டும் அதை ஒட்டியே திரும்புகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை போகலாம்.

மண்டியிலிருந்து மணாலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அவுட் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள நீண்ட சுரங்கப் பாதைக்குள் நுழையாமல் கிளைச் சாலையில் பிரிந்தால் லார்ஜி வரும். தீர்த்தனும் சைஞ்சும் பியாஸ் ஆற்றோடு கூடும் இடம் அது. லார்ஜியிலிருந்து தீர்த்தனை எதிர்த்து மேலேறினால் பஞ்சார் என்னும் சிறு நகரம். அதற்கும் மேலே நாகினி, குஷைனி ஆகிய சிற்றூர்கள். குஷைனி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் மக்கள் குறைந்து காடு மிகும். பின்னர் காடும் முடிந்து பனிமலை தொடங்கும். அம்மலைப் பரப்பே பெரும் இமாலயத் தேசியப் பூங்கா. 1999-இல் முறைப்படி அறிவிக்கப்பட்ட இப்பூங்காவை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நம் முன்னோர் கூதிர்க் காலம் என்றனர். அப்போது தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறுகள் கலங்கல் நீரோடு ஓடும். அதே நாள்களில் இமாலயச் சரிவில் நிலைமை நேர்மாறு. அங்கே மழை செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். இரவுகள் குளிரக் குளிர, மேலே பனி உருகுவதும் குறைந்துகொண்டே வரும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் சாம்பல் நிறத்தில் கற்களை உருட்டிக்கொண்டு ஓடிய தீர்த்தன், அக்டோபரில் பச்சைக் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். இடுப்பளவு மடுவிலும் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். தூண்டிற்காரர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இந்த மாதத்துக்காகத்தான்.

தெளிந்த நீரில் மீன் பிடிப்பது எளிது என்று நம்மவர் எண்ணக்கூடும். டிரவுட் விஷயத்தில் அது பொருந்தாது. ஆள் மீனைப் பார்ப்பதற்கு முன்பே மீன் ஆளைப் பார்த்துவிடும். டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கித் தலைவைத்து, ஒரு பாறையின் மறைவில் நின்றுகொண்டு, மேலிருந்து மிதந்து வரும் பூச்சிகளை எதிர்பார்த்திருக்கும். ஆகவே அதற்குப் பின்புறமாக, அதாவது கீழிருந்து மேலாக, நிழல் நீரில் விழாதபடி குனிந்து நடந்து அணுக வேண்டும். இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கைப் பூச்சியை நீரின் மேல் மெத்தென்று விழவைப்பது ஒரு முறை. பித்தளைச் சுழல் தகட்டை ஓட்டத்தின் குறுக்கே வீசி இழுப்பது மற்றொரு முறை. உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே விரும்புகின்றனர். பிடிக்கும் மீனின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரையறை உண்டு; மீன்வளத் துறை வழங்கும் உரிமச் சீட்டு இன்றித் தூண்டிலை வெளியே எடுக்கவே கூடாது.

குஷைனிக்கு அருகே விருந்தினர் இல்லம் நடத்தும் பெரியவர் ஒருவர் எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். அக்டோபர் கடைசி வாரத்தில் ஒருநாள் அவர் தூண்டில் போடுவதை நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் நான்கு மீன்கள் கடித்தன. நான்கையும் கையை நனைத்துக்கொண்டு மெல்லப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, ஆற்றிலேயே விட்டுவிட்டார். ஒன்றின் வயிற்றை எனக்குக் காட்டினார். பழுப்பு நிற உடலில் சிவப்பும் கருப்புமாகப் புள்ளிகள், வயிறு புடைத்திருந்தது. “சினை, மேனேஜர் ஸாஹிப். இன்னும் பதினைந்து நாளில் இவள் மேலே போய்விடுவாள்” என்றார். கைகளை நனைத்துக்கொள்வதற்குக் காரணம் கேட்டேன். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் படலம் உரிந்து, அந்த இடத்தில் நோய் பற்றும் என்றார்.

அவர் சொன்னது போலவே நடக்கிறது. நீர் குளிரத் தொடங்கியதும் பழுப்பு டிரவுட் ஆழமான மடுக்களை விட்டு, தண்ணீர் வேகமாகவும் ஆழமின்றியும் ஓடும் சரளைப் பகுதிகளை நாடி மேலேறும். பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் சரளையை அடித்து அடித்து ஒரு குழி பறிக்கும். அக்குழியில் அது முட்டையிட, ஆண்மீன் உடனிருந்து அவற்றைக் கருவுறச் செய்யும். பிறகு பெண்மீன் சற்று மேலே சென்று மீண்டும் சரளையை அடிக்க, கிளம்பிய கற்கள் ஓட்டத்தில் வந்து முட்டைகளை மூடிவிடும். ஒரு கிலோ எடையுள்ள மீன் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் ஒரு சிறு பட்டாணி அளவு. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். வேலை முடிந்ததும் தாயும் தந்தையும் தங்கள் வழியே போய்விடும். முட்டைகளைக் காப்பது அதன் பிறகு சரளையும் குளிர்ந்த நீரும்தான். கற்களின் இடுக்குகள் வழியே நீர் இடைவிடாது ஓடி உயிர்வளி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே சேறு படிந்து இடுக்கு அடைபட்டால் குழியிலுள்ள முட்டைகள் எல்லாம் மூச்சுமுட்டி அழியும். ஒரு மனிதனின் கால் பட்டாலும் நசுங்கும்.

முட்டை பொரிக்க எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்டபோது, அரசு மீன் பண்ணை ஊழியர் ஒருவர் நாள் கணக்குச் சொல்லவில்லை. பெருக்கல் கணக்குச் சொன்னார். நீரின் வெப்பநிலையை நாளோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை நானூற்றைக் கடந்து சற்றே மேலேறும்போது முட்டை பொரிக்கும். 10 பாகை செல்சியஸ் நீரில் ஏறக்குறைய 40 நாள்; 5 பாகையில் 80 நாளைத் தாண்டும். வணிகவியல் படித்து வங்கிக்கு வந்த எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. சேமிப்புக் கணக்கின் வட்டியை நாங்கள் கணக்கிடுவதும் இதே முறையில்தான்: இருப்பை நாளால் பெருக்கிக் கூட்டுவது. 2010 ஏப்ரல் முதல் நாளுக்கு முன்பு மாதத்தின் 10-ஆம் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு மட்டுமே வட்டி. ஒருநாள் பணம் எடுத்தாலும் மாதம் முழுவதற்குமான வட்டி குறைந்துபோகும். அந்தப் பழைய பேரேட்டு நாள்களை அறிந்த மூத்த வாடிக்கையாளர்களுக்கு இந்த மீன் கணக்கை நான் விளக்கவே வேண்டியதில்லை. டிசம்பரில் சில நாள் வெயில் கூடினால் முட்டைகள் முந்திப் பொரிக்கும். கடுங்குளிர் வந்தால் பிந்தும். ஆற்றில் எந்த நாளும் வீண் போவதில்லை.

இந்த மீன் இமாலயத்துக்கு உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் மீன் அது. வெள்ளையர் தங்கள் பொழுதுபோக்குக்காக அதை இங்கே கொண்டுவந்தனர். 1899-இல் பெட்ஃபோர்டு பிரபு காசுமீரத்துக்கு அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இரண்டாம் தொகுதி பிழைத்தது. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திவந்த பிராங்க் மிட்செல் என்பவர் அவற்றைப் பேணி வளர்த்தார். அங்கிருந்து 1909-இல் முட்டைகள் குல்லுவுக்கு வந்தன. அப்போது அங்கே நிர்வாக அதிகாரியாக இருந்த ஹோவெல், கட்ராயினுக்கு அருகில் மஹிலி என்னுமிடத்தில் ஒரு பொரிப்பகம் அமைத்து, பொரித்த குஞ்சுகளைப் பியாஸிலும் அதன் கிளையாறுகளிலும் விட்டார். தீர்த்தனின் இன்றைய மீன்கள் அவற்றின் வழித்தோன்றல்கள். நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. பிரான்சிஸ் டே போன்றோர் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே டிரவுட்டைக் குடியேற்ற முயன்று தோற்றனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். உதகைக்கு மேற்கே அவலாஞ்சியில் உள்ள பொரிப்பகத்தை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம்.

வந்தேறி மீன் ஆற்றின் சொந்த மீன்களுக்குத் தீங்கு செய்யவில்லையா என்ற கேள்வி நியாயமானது. இமாலய ஓடைகளுக்கே உரிய பனி டிரவுட் என்னும் மீன், பெயரில் டிரவுட் என்றிருந்தாலும் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்வது. பழுப்பு டிரவுட்டோ பிற மீன்களையும் உண்ணும். பல ஓடைகளில் சொந்த மீன் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அறிவியலார் கூறுகின்றனர். நூறாண்டுக்கு மேலாக நிலைத்துவிட்ட ஒன்றை இனி ஆற்றிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. புதிய ஓடைகளில் அதைக் கொண்டுபோய் விடாமல் இருக்கலாம். நான் பேசிப் பார்த்த மீன்வளத் துறையினர் சிலருக்கும் அதுவே கருத்து. ஒன்று மட்டும் தெளிவு. டிரவுட் வாழும் ஆறு சொந்த மீனும் வாழத்தக்க ஆறாகவே இருக்கும். நீர் 20 பாகைக்கு மேல் சூடேறினாலோ, கலங்கினாலோ, உயிர்வளி குறைந்தாலோ முதலில் வருந்துவது டிரவுட்தான்.

இனிக் கரைக்கு வருவோம்.

நவம்பரில் தீர்த்தன் பள்ளத்தாக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் மக்கள் வெளியில்தான் இருப்பார்கள். வெயில் காலை தாமதமாக மலையைத் தாண்டி வந்து, மாலையில் சீக்கிரமே மறைந்துவிடும். கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்தில் எல்லா வேலையும் நடந்தாக வேண்டும். ஆப்பிள் அறுவடை முடிந்து பெட்டிகள் போய்விட்டன. கற்பலகை வேய்ந்த கூரைகளில் மக்காச்சோளக் கதிர்கள் பரப்பப்பட்டு, வீடுகள் எல்லாம் பொன்னிறத் தொப்பி அணிந்தது போல இருக்கும். முற்றத்தில் ராஜ்மா பயறு உலரும். இலையெல்லாம் உதிர்ந்த மரங்களில் ‘ஜப்பானி பழம்’ என்று அவர்கள் அழைக்கும் சீமைப் பனிச்சை மட்டும் ஆரஞ்சு விளக்குகள் போலத் தொங்கும். முழுதாகக் கனியும் முன் கடித்தால் நாக்கு தடித்துப்போகும் அளவுக்குத் துவர்ப்பு, கனிந்தபின் தேன்.

பெண்களின் வேலை சரிவுகளில் இருக்கிறது. மழை ஓய்ந்தபின் புல்வெளிகளில் அரிந்து உலர்த்திய புல்லைக் கட்டுக்கட்டாக முதுகில் சுமந்து இறக்குகின்றனர். சில இடங்களில் அதை மரக்கிளைகளின் கவையில் உயரமாக அடுக்கி வைப்பதுண்டு. பனி விழுந்து தரை மூடினாலும் புல் நனையாது. மாடுகளும் ஆடுகளும் மார்ச் வரை உண்ண வேண்டியது இந்தப் புல்தான். போதாமற் போனால் ஜனவரியில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆகவே ஒரு குடும்பத்தின் குளிர்காலப் பாதுகாப்பை அளவிட விரும்புவோர் அதன் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதைவிட வைக்கோற்போரையும் விறகுக் குவியலையும் பார்ப்பது மேல். கடன் விண்ணப்பங்களை நேரில் ஆய்வு செய்யப் போகும்போது நான் இவ்விரண்டையும் பார்க்காமல் திரும்பியதில்லை.

பழைய வீடுகள் காட்குனி முறையில் கட்டப்பட்டவை. தேவதாரு மரச் சட்டங்களையும் கல்லையும் மாறி மாறி அடுக்கி, சுண்ணாம்போ சிமெண்டோ இன்றி எழுப்பிய சுவர்கள். கீழ்த்தளத்தில் கால்நடைகள், நடுவில் தானியம், மேலே மக்கள். கீழிருந்து எழும் மாட்டின் உடற்சூடு மேல்தளத்துக்கு உதவும். பஞ்சாருக்கு அருகே சேஹ்னி என்னும் ஊரில் இம்முறையில் கட்டிய உயர்ந்த கோபுர வீடு ஒன்று, 1905-இன் காங்ரா நிலநடுக்கத்தையும் கடந்து இன்றும் நிற்கிறது. அங்கே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும். முன்குளிர்காலத்தில் வியர்க்காமல் ஏறலாம்.

மேய்ச்சல் நிலங்களிலிருந்து ஆட்டு மந்தைகள் இறங்கி வருவதும் இப்போதுதான். மேலே முதற் பனி விழுந்ததும் இடையர்கள் தாழ்ந்த மலைகளை நோக்கி நடப்பார்கள். சாலையில் மந்தை எதிர்ப்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பதே மரியாதை. பூங்காவுக்குள் இருந்த பழைய மேய்ச்சல் உரிமையும் மூலிகை எடுக்கும் உரிமையும் 1999-இல் முடிவுக்கு வந்தன. அது இங்குள்ள மக்களுக்கு எளிதில் ஆறாத இழப்பு. அந்த வருமானத்துக்கு ஈடாகப் பூங்காவின் எல்லைக் கிராமங்களில் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் அமைத்தார்கள். மண்புழு உரம் விற்றார்கள். ஆண்களில் பலர் மலையேற்ற வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குபவர்களாகவும் மாறினார்கள். விருந்தினர் இல்லங்கள் பெருகின. அவற்றில் பலவற்றின் பெயர்ப் பலகையில் டிரவுட் மீனின் படம் இருக்கும்.

ஆகவே மூடிய நான்கு மாதம் அவர்களுக்குச் சிறிய செய்தி அல்ல. நான் முன்பு சொன்ன பெரியவரிடம் டிசம்பரில் பெருநகரத்து விருந்தினர் சிலர் வந்தனர். யாரும் பார்க்காத வளைவில் ஒரு மணி நேரம் மட்டும் தூண்டில் போட்டுக்கொள்கிறோம் என்று அறை வாடகைக்குச் சமமான தொகையை நீட்டினராம். அவர் மறுத்துவிட்டார். அவர்கள் மறுநாளே அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டனர். அந்த மாதம் அவருடைய கணக்கில் வரவு மிகக் குறைவு என்பது எனக்குத் தெரியும். “நிறைமாதக் கர்ப்பிணியை யாராவது வயல் வேலைக்கு அனுப்புவார்களா?” என்று மட்டும் கேட்டார். எல்லாரும் அவரைப் போல் இருப்பதில்லை. மலையோடைகளில் வலை வீசியும், பிளீச்சிங் தூளைக் கொட்டியும் திருட்டுத்தனமாக மீன் பிடிப்போர் உண்டு. நஞ்சு கலந்தால் மீனோடு பூச்சியும் புழுவும் சேர்ந்து அழியும். அந்தத் துண்டு ஆறு மீள்வதற்கு நெடுநாள் ஆகும். துறையின் காவலர்கள் சிலரே, ஆறோ நீளமானது. கரையிலுள்ள ஊரார் கண்காணிக்காவிட்டால் விதி ஏட்டளவில் நின்றுவிடும்.

ஊரார் கண்காணித்த பெரிய எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தீர்த்தன் மீதும் அதன் ஓடைகள் மீதும் நீர்மின் திட்டங்கள் பல முன்மொழியப்பட்டன. அணையோ குழாயோ வந்தால் குளிர்காலத்தில், அதாவது நீர் மிகக் குறைந்து முட்டைகள் சரளைக்குள் இருக்கும் நேரத்தில், ஆற்றின் பல பகுதிகள் வறண்டுபோகும். பஞ்சார் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாப் முன்னின்று, ஊர் மக்களோடு சேர்ந்து எதிர்த்து நீதிமன்றம் சென்றார். முடிவில் திட்டங்கள் கைவிடப்பட்டு, தீர்த்தன் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டங்களுக்கு விலக்கான பகுதியாயிற்று. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் சுரங்கங்களும் கம்பிக் கோபுரங்களும் நிறைந்திருக்க, இங்கே மட்டும் ஆறு தடையின்றி ஓடுவதற்கு இதுவே காரணம். மின்சாரமும் வேலைவாய்ப்பும் தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. எனினும் குளிர்காலத் தீர்த்தனைப் பார்த்தவர்கள் அம்மக்களின் முடிவைக் குறை சொல்லமாட்டார்கள்.

டிசம்பரில் விருந்தினர் தட்டில் வரும் டிரவுட் எங்கிருந்து வருகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அது ஆற்று மீன் அன்று; பண்ணையில் வளர்ந்த வானவில் டிரவுட். அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட அந்த மீன், பண்ணைத் தீவனத்துக்கு எளிதில் பழகும். குல்லுவுக்கு அருகே பட்லிகூலில் நார்வே நாட்டின் உதவியோடு 1989 முதல் 1991 வரை நடந்த திட்டத்தால் இந்த வளர்ப்பு முறை இமாசலத்தில் வேரூன்றியது. ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ சிறு வாய்க்கால் வெட்டி, நீளமான சிமெண்ட் தொட்டிகள் வழியே நீரை இடைவிடாது ஓடவிட்டு, மறுமுனையில் மீண்டும் ஓடையில் சேர்ப்பார்கள். ஓடும் நீர் நின்றால் சிறிது நேரத்திலேயே தொட்டி மீன்கள் மிதக்கத் தொடங்கும்.

பண்ணைக்காரருக்கு முன்குளிர்காலம் கவலையும் உழைப்பும் மிக்க பருவம். பொரிப்பகத்தில் சினை முற்றிய மீனை ஈரத்துணியில் பற்றி, வயிற்றை மெல்லத் தடவி முட்டைகளைத் தட்டில் இறக்கி, ஆண்மீனின் விந்தைச் சேர்த்து, இறகால் கலக்குவர். கைகள் மரத்துப்போகும் குளிர். வெள்ளையாகிவிட்ட முட்டைகள் இறந்தவை. அவற்றில் பூஞ்சை பிடித்து மற்றவற்றுக்கும் பரவும் என்பதால் நாள்தோறும் பொறுக்கி எறிய வேண்டும். வளர்ப்புத் தொட்டிகளிலோ நீர் குளிரக் குளிர மீன்கள் தின்பது குறையும். தின்பது குறைந்தால் வளர்ச்சியும் குறையும். அதிகாலையில் வாய்க்கால் முகப்பில் பனிக்கட்டி உறைந்து நீர்வரத்தை அடைக்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கடப்பாரையால் அதை உடைத்துவிட்டு வந்து படுக்கும் பண்ணைக்காரர் ஒருவரை நான் அறிவேன்.

அவர் எங்களிடம் கடன் பெற்றவர். விற்கும் அளவுக்கு மீன் வளர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் விற்பனையும் சுருங்கும். ஆகவே அவருக்கு மாதாமாதம் ஒரே அளவான தவணை பொருந்தாது. மீன் விற்கும் மாதங்களை ஒட்டித் தவணையை அமைத்துக் கொடுத்தால், கடன் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. இது என் அனுபவத்தில் கண்டது. 2018-19 நிதிநிலை அறிக்கை உழவர் கடன் அட்டை வசதியை மீன் வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தியது. தீவனம் வாங்கும் நடைமுறைச் செலவுக்கு அது உதவும். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தொட்டி கட்டுவதற்குப் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் உண்டு. மானியம் கிடைக்கிறதே என்று தொட்டி கட்டுவதில் பயனில்லை. கோடையிலும் குளிரிலும் நீர் ஓடுமா, வெள்ளம் எட்டாத மேட்டில் இடம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் குல்லு மாவட்டத்தில் வந்த பெருவெள்ளம், ஆற்றுக்கு மிக அருகில் கட்டியவற்றை எப்படித் துடைத்துக்கொண்டு போயிற்று என்பதை அந்நாளில் நாடே தொலைக்காட்சியில் கண்டது. காப்பீடு இன்றிப் பண்ணை தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை.

சரி, தூண்டில் இல்லாத விருந்தினர் என்ன செய்யலாம்? காலை ஒன்பது மணிக்கு வெயில் ஆற்றில் விழும்போது ஒரு பாறையில் அசையாமல் உட்காரலாம். தண்ணீருக்கு நடுவே கல்லின் மேல் ஒரு பழுப்பு நிறச் சிறு பறவை குதித்துக் குதித்து நிற்கும். திடீரென்று நீருக்குள் இறங்கி அடியில் நடந்து சென்று, பூச்சிப் புழுவைக் கவ்விக்கொண்டு வேறோர் இடத்தில் வெளிவரும். உறையும் நிலையை நெருங்கிய நீரில் அது குளிப்பதைப் பார்க்க நமக்குத்தான் நடுக்கம் எடுக்கும். வெண்தலையும் செம்மையான வாலும் கொண்ட மற்றொரு பறவை பாறைக்குப் பாறை தாவி வாலை விசிறும். குளிர் மிகுந்து உயரத்தில் உணவு குறையும்போது, கோடையில் மேலே வாழும் பறவைகள் பலவும் பள்ளத்தாக்குக்கு இறங்கி வருகின்றன. நல்ல தொலைநோக்கி ஒன்று கொண்டுபோனால் போதும்.

நடக்க விரும்புவோர் குஷைனியிலிருந்து பூங்காவின் வாயில் வரை ஆற்றை ஒட்டிய பாதையில் போய்வரலாம். உள்ளே செல்ல சாய் ரோபாவிலுள்ள பூங்கா அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். நவம்பரில் சாலை திறந்திருக்கும் நாள்களில் ஜிபியின் வழியே 3,000 மீட்டருக்கு மேலுள்ள ஜலோரி கணவாய்க்குச் செல்லலாம். அங்கிருந்து கருவாலி மரக் காட்டினூடே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நடந்தால் சேரோல்சர் ஏரி. கரையில் பூடி நாகினி தேவிக்குச் சிறு கோயில். மக்கள் நெய் கொண்டுவந்து படைப்பர். ஏரியில் ஓர் இலை விழுந்தாலும் ஒரு சிறு பறவை வந்து எடுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் போன அன்று ஓரங்களில் மெல்லிய பனித்தகடு உறைந்திருந்தது. இலை ஒன்றும் கண்ணில் படவில்லை. டிசம்பர் நடுவில் கணவாய் பெரும்பாலும் பனியால் மூடப்பட்டுவிடும் என்பதால் புறப்படுமுன் பஞ்சாரில் விசாரித்துக்கொள்வது நலம்.

மாலையில் அறை நடுவே இரும்பு அடுப்பில் விறகு எரியும். அதையும் அங்கே தந்தூர் என்றே சொல்கிறார்கள். நொதித்த கோதுமை மாவுக்குள் கசகசாவும் அக்ரூட்டும் அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்த சித்து, அதன் மேல் உருக்கிய நெய். நம் கொழுக்கட்டைக்கு அது தூரத்து உறவு. ஒன்றுக்கு மேல் தின்ன இயலாது. மூலையில் தறி இருந்தால் வீட்டுப் பெண்கள் பட்டு என்னும் கம்பளி ஆடையையோ சால்வையையோ நெய்துகொண்டிருப்பர். நம் ஊர்ப் பட்டு என்று மயங்க வேண்டாம். அது முழுக்க ஆட்டு மயிர். சில ஊர்களில் தீபாவளிக்கு அடுத்த அமாவாசையில் ‘பூடி தீவாளி’, அதாவது மூத்த தீபாவளி, தீப்பந்தங்களோடு கொண்டாடப்படும். அந்நாளில் அங்கிருக்க வாய்த்தால் தவறவிட வேண்டாம்.

ஆற்றோரம் நடக்கும்போது ஒரு செய்தியை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பாசி படிந்து கறுத்த ஆற்றுப் படுகையில் இங்குமங்கும் பாய் விரித்த அளவில் வெளுத்த சரளைத் திட்டுகள் தெரியும். அவை புதிதாகப் புரட்டப்பட்டவை. அடியில் முட்டைகள் இருக்கின்றன. புகைப்படத்துக்காகவோ ஆற்றைக் கடப்பதற்காகவோ அவற்றின் மேல் கால் வைக்கக் கூடாது. முட்டை பொரித்த பிறகும் குஞ்சுகள் உடனே வெளிவருவதில்லை. வயிற்றில் ஒட்டிய மஞ்சட்கருப் பையை உணவாகக் கொண்டு மேலும் பல வாரங்கள் சரளைக்குள்ளேயே இருக்கும். மார்ச் முதல் நாள் உரிமச் சீட்டுகள் மீண்டும் வழங்கப்படும். தூண்டில்கள் வெளியே வரும். மேற்பகுதியின் குளிர்ந்த நீரில் அப்போதும் பல குஞ்சுகள் கற்களுக்கு அடியில்தான் இருக்கும். எங்கள் பெரியவர் மார்ச் மாதம் முழுவதும் ஆற்றில் இறங்காமல் கரையில் நின்றே தூண்டில் வீசுகிறார்.